முள் இறங்கியது, கார் ஏறியது: செந்தூலில் ஒரு கேம்ப்ரோ சூப்பர்சார்ஜர் மாற்றம்

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை அந்த புரோட்டோன் சத்ரியா நியோ கார், கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் பட்டறைக்கு இழுவை லோரியில் வந்து இறங்கியது. நான்கு சிலிண்டரில் மூன்றுதான் வேலை செய்தன. ஆயில் குச்சியை உருவினால் அந்தக் குழாயிலிருந்து மூச்சு மூச்சாகப் புகை. நாங்கள் அதன் கேம்ப்ரோ இயந்திரத்துக்கு, கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் (பட்டறை மொழியில் ப்ளோவர்) பொருத்தி அனுப்பி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். பட்டறை அண்ணனுடையது. இரும்பு வேலையும் இயந்திர வேலையும் அவர் பொறுப்பு. நான் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் லேப்டாப்போடு போய் உட்காரும் டியூனிங் ஆள். கார் அண்ணனின் அக்கா மகனுடையது. அவன் அவரை மாமா என்பான், என்னை அண்ணே என்பான், எங்கள் இருவருக்கும் அவன் தம்பி. சொந்தக்காரப் பையன் என்பதால் பணக்கணக்கில் இளகினோம். வேலையிலும் இளகிவிட்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏன் இந்த இயந்திரம், ஏன் ப்ளோவர்

கேம்ப்ரோவை ஓட்டியவர்களுக்கு அதன் குணம் தெரியும். 2004இல் புரோட்டோனின் ஜென்-2 காரோடு வந்த முதல் கேம்ப்ரோ 1.6, தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத இயந்திரம். 1,597 சிசி, 76 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 88 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 6,000 சுற்றில் 110 குதிரைத்திறன், 4,000 சுற்றில் 148 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). ஆனால் 2,500 சுற்றைத் தாண்டியதும் டார்க் ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டுத்தான் மேலேறும். கோம்பாக் டோலைக் கடந்து காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவை நோக்கி ஏறுகிறீர்கள், முன்னால் மணல் லோரி, மூன்றாவது கியர், மிதிக்கிறீர்கள். கார் 'இரு, யோசித்துச் சொல்கிறேன்' என்கிறது. 2008இல் கேம் வடிவமும் இன்டேக் குழாயின் நீளமும் மாறும் சிபிஎஸ் இயந்திரத்தை புரோட்டோன் கொண்டுவந்தது. தம்பியின் கார் அதற்கு முந்தியது.

அவன் கேட்டது அதிக வேகம் இல்லை, அந்தப் பள்ளத்தை நிரப்பித் தரவேண்டும் என்பதுதான். அதற்கு டர்போவைவிட ப்ளோவர் பொருத்தம் என்று நான்தான் சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். டர்போ கழிவுப் புகையின் வேகத்தில் சுழல்வது. புகை கிளம்பி, சக்கரம் சுழன்று, அழுத்தம் ஏறும்வரை காத்திருக்கவேண்டும். சூப்பர்சார்ஜரை இயந்திரத்தின் சுழல்தண்டான கிராங்க் நேராக பெல்ட் போட்டு இழுக்கிறது. அதிலும் ரூட்ஸ் வகை, படியால் நெல் அளப்பதுபோல ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும். 2,000 சுற்றிலும் அதே படி, 6,000 சுற்றிலும் அதே படி.

ரூட்ஸ் என்பது சகோதரர்கள் இருவரின் குடும்பப் பெயர். 1860இல் அமெரிக்காவின் இந்தியானாவில் அவர்கள் காப்புரிமை வாங்கியபோது கார் என்ற ஒன்றே கிடையாது. உலைகளுக்குக் காற்று ஊதித்தான் அது பிழைத்தது. பட்டறையில் இன்றும் அதை ப்ளோவர் என்று கூப்பிடுவது அதனால் சரிதான். இன்னொரு காரணமும் உண்டு. ரூட்ஸ் தன் வயிற்றுக்குள் காற்றை அமுக்குவதில்லை. ஒரு பக்கம் அள்ளி மறுபக்கம் கொட்டுகிறது, அவ்வளவுதான். கொட்டும் இடத்தில் இயந்திரம் விழுங்கும் வேகத்தைவிட அதிகமாகக் கொட்டுவதால் நெரிசல் உண்டாகி அழுத்தம் வருகிறது. இந்த நெரிசல் காற்றைக் கண்டபடி சூடாக்கும். இதை நானும் படித்தவன்தான். படித்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது, வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் தனியாகக் கிடந்த ஒரு டொயோட்டா எஸ்சி12. எம்ஆர்2, கொரோலா லெவின் கார்களில் 4ஏ-ஜிஇசட்இ இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து வந்தது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1,200 சிசி காற்றைத் தள்ளும். முன்பக்கம் ஏசி கம்ப்ரஸரில் இருப்பதுபோல மின்காந்த கிளட்ச். தேவையில்லாத நேரம் கழற்றிவிடலாம். இப்படிப் பழைய ப்ளோவர் வாங்குகிறவர்கள் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுவார்கள். அது போதாது. உள்ளே சுழன்று காற்றைத் தள்ளும் ரோட்டரின் பூச்சு உரிந்திருக்கிறதா, ரோட்டர்கள் ஒன்றையொன்று உரசிய கோடு இருக்கிறதா, பின்னால் உள்ள பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். எங்களுடையதில் எண்ணெய் கறுத்திருந்தது, உலோகத்தூள் இல்லை. எண்ணெயையும் சீலையும் மாற்றினோம்.

அளவு பொருந்துமா என்ற கணக்கு எளிது. நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் விழுங்கும். அப்படியானால் கேம்ப்ரோ ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 800 சிசி விழுங்குகிறது. கிராங்க் புல்லியையும் ப்ளோவர் புல்லியையும் அளந்தோம். கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ப்ளோவர் 0.9 சுற்று. 1,200ஐ 0.9ஆல் பெருக்கினால் 1,080. விழுங்குவது 800, கொடுப்பது 1,080. ரோட்டர் இடைவெளியில் கசிவது போகக் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்று கூடும். சாலைக் காருக்கு அது போதும், போதும்.

இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கவேண்டிய ஒரு எண் இருந்தது. டொயோட்டா தன் 4ஏ-ஜிஇசட்இ இயந்திரத்துக்கு முதலில் வைத்த கம்ப்ரெஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற எண், 8.0. பிஎம்டபிள்யூவின் முதல் தலைமுறை புது மினி கூப்பர் எஸ், அதுவும் 1.6 லிட்டர்தான், சூப்பர்சார்ஜரோடு 8.3. புரோட்டோனே பின்னாளில் கேம்ப்ரோவுக்கு டர்போ மாட்டி சிஎஃப்இ என்று வெளியிட்டபோது ஸ்ட்ரோக்கை 86 மில்லிமீட்டருக்குக் குறைத்து 1,561 சிசி ஆக்கி, விகிதத்தை 8.9க்கு இறக்கியது. மூன்று தொழிற்சாலைகளும் இறங்கியே வந்திருக்கின்றன. எங்கள் இயந்திரத்தில் விகிதம் 10. கூடவே ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இல்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது, ஆண்டு முழுக்க 33 டிகிரி வெயில்.

'அரை பார் பூஸ்ட்தானே அண்ணே' என்றான் தம்பி. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ப்ளோவர் கூட்டும் அழுத்தம்தான் பூஸ்ட், பார் அதன் அளவு. நாங்களும் தலையாட்டினோம்.

முதல் கட்டுமானம்

இரும்பு வேலைதான் மூன்று வாரம் தின்றது. ப்ளோவரைத் தாங்கும் பிராக்கெட்டை அண்ணன் முதலில் 8 மில்லிமீட்டர் தகட்டில் செய்தார். பெல்ட்டை இறுக்கியதும் அது வில்லாக வளைந்தது, கண்ணுக்கே தெரிந்தது. செகாம்புட்டில் லேத் வைத்திருக்கும் சீன அங்கிள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூலையில் போட்டார். பிறகு 12 மில்லிமீட்டர் தகட்டில், குறுக்கே விலா வைத்து அவரே வெட்டிக்கொடுத்தார். புல்லிகள் மூன்றும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். நேர்விளிம்புக் கோலை வைத்துப் பார்த்தால் ஒளிக்கீற்று தெரியக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் ஆறு வரி பெல்ட் ஓரத்தில் நூல்விட ஆரம்பித்துவிடும்.

கிராங்க் புல்லியை மாற்றி அலுமினியத்தில் கடைந்து போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தொழிற்சாலைப் புல்லியின் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் கிராங்கின் முறுக்கு அதிர்வைத் தின்பதற்காக வைத்தது. அதை எடுத்துவிட்டு வெறும் அலுமினிய வட்டைப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், பேரிங்குகள் அழும்.

மிதிக்கும்போது திறந்து காற்றை உள்ளே விடும் த்ராட்டிலை ப்ளோவருக்கு முன்னால் வைத்தோம், டொயோட்டா வைத்த மாதிரியே. காலை எடுக்கும்போது ப்ளோவர் வெறும் வெற்றிடத்தில் சுழலும், பைபாஸ் வால்வு திறந்து காற்றைச் சுற்றிவிடும், இயந்திரத்துக்கு இழுவை குறையும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரிதாக்கினோம். 110 குதிரைக்கு அளந்து வைத்த இன்ஜெக்டர் 140க்குப் போதாது. தவிர, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் அழுத்தம் இருக்கும்போது இன்ஜெக்டர் அதை எதிர்த்துப் பீய்ச்சவேண்டியிருக்கிறது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில் 3 பார் நிலையாக நிற்க, எதிர்ப்பக்கம் அரை பார் இருந்தால் பெட்ரோல் வரத்து ஒன்பது சதவீதம் குறையும். மேனிஃபோல்டு அழுத்தத்தை இரண்டு பார் வரை படிக்கும் மேப் சென்சார், அதைப் படித்து ஈசியூவை, அதாவது இயந்திரத்தின் கணினியை, ஏமாற்றும் பிகிபேக் பெட்டி, ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் ப்ளக், அதன் இடைவெளி 0.8 மில்லிமீட்டருக்குக் குறைப்பு. பூஸ்ட்டில் காற்றும் பெட்ரோலும் 11.8க்கு 1 என்ற கலவை. இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, மொத்தமாக 5 டிகிரி பின்னால் தள்ளினேன்.

ப்ளோவர் விட்டு வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் போடவில்லை. பானெட்டுக்கு அடியில் இடமில்லை, 'அப்புறம் பார்ப்போம்' என்றோம். இன்டேக் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாருக்குப் புதிய மேனிஃபோல்டில் துளை போட மறந்துவிட்டோம். அலுமினியம் வெல்டிங் முடிந்து வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. மறுபடி கழற்றச் சோம்பல்பட்டு, சென்சாரை ஏர் ஃபில்டர் குழாயில், அதாவது ப்ளோவருக்கு முன்னால் செருகினோம். பத்து நிமிட வேலையை மிச்சம் பிடித்தோம்.

சக்கரத்துக்கு வந்துசேரும் சக்தியை உருளையில் ஓட்டி அளக்கும் டைனோவில் பூஸ்ட் 0.5 பார். சக்கரத்தில் மாற்றத்துக்கு முன் 91 குதிரை, பின் 99. எட்டே குதிரை. தம்பியின் முகம் வாடியது. ஆனால் 2,800 சுற்றில் பள்ளம் இருந்த இடத்தில் கோடு நேராகப் போனதைக் காட்டியதும், காராக்கில் ஒருமுறை ஏறிப் பார்த்ததும் சமாதானமானான்.

ஏழு வாரம்

முதல் வாரமே வால்வு கவர் ஓரத்தில் எண்ணெய் வியர்த்தது, ஒருநாள் ஆயில் குச்சி தானாகவே ஒரு விரற்கடை எழும்பி நின்றது. காரணத்தைப் பிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. கிராங்க் அறையின் புகையை மேனிஃபோல்டுக்குள் இழுக்கும் பிசிவி குழாய், இயற்கையாக மூச்சுவிடும் இயந்திரத்தில் எப்போதும் வெற்றிடத்தைத்தான் பார்க்கும். இப்போது பூஸ்ட் வந்தால் அதே குழாய் வழியாக அழுத்தம் அடிவயிற்றுக்கு இறங்குகிறது. ஒருவழி வால்வு ஒன்று போட்டு, வால்வு கவரின் மறுபக்கக் குழாயை த்ராட்டிலுக்கு முன்னால் இணைத்ததும் நின்றது. பிரேக் சர்வோவுக்குப் போகும் குழாயின் ஒருவழி வால்வையும் அன்றே வாயால் ஊதிச் சோதித்தோம். நல்லவேளை, அது பிடித்தது. பிடிக்காமல் போனால் பிரேக் கல்லாகிவிடும்.

மூன்றாவது வாரம் பெல்ட் கத்தியது. ப்ளோவர் புல்லியைப் பெல்ட் சுற்றிப்பிடிக்கும் வளைவு போதவில்லை. பெல்ட்டை வளைத்துப் பிடிக்கும் ஐட்லர் உருளை ஒன்று கூட்டினோம்.

அப்புறம் தைப்பூசம். தம்பி அம்மாவை அழைத்துவர இரவு பத்துமலைக்குப் போயிருக்கிறான். அந்த நாட்களில் பத்துமலையை ஒட்டிய எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று கோலாலம்பூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒன்றரை மணிநேரம் ஏசி போட்டுக்கொண்டு ஊர்ந்திருக்கிறான். அம்மாவை கோம்பாக்கில் வீட்டில் இறக்கிவிட்டு, சாலை காலியானதும், அவன் வாயாலேயே சொன்னபடி, 'கடுப்புல ஒரு மிதி' மிதித்திருக்கிறான். மூன்றாவது கியர், முழு த்ராட்டில். டின்னில் கோலிக்குண்டைப் போட்டு ஆட்டியதுபோல ஒரு சத்தம் ஓரிரு நொடி. பிறகு ஒரு நடுக்கம், கண்ணாடியில் நீலப்புகை. அந்த மாதக் கடைசியில் டேங்கில் இருந்தது ரோன்95. தானாக வெடிப்பதை அதைவிட நன்றாகத் தாங்கும் ரோன்97 பெட்ரோல்தான் போடவேண்டும் என்று சொல்லியிருந்தோம். அதற்காக அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு டேங்க் பெட்ரோலில் உடைந்துபோகும் கட்டுமானம் என்றால் தவறு கட்டியவன் மேல்தான்.

பிரித்துப் பார்த்தபோது

கம்ப்ரெஷன் மீட்டரில் ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்கள் 13 பார் பக்கம் நின்றன. மூன்றாவது 5ஐத் தாண்டவில்லை. காற்றுக்குழாயை மாட்டி அழுத்திப் பார்த்தால் இன்டேக்கிலும் எக்ஸாஸ்டிலும் சத்தமில்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. ஆயில் குச்சிக் குழாயில் மட்டும் உஸ்ஸென்று இரைச்சல். வால்வும் ஹெட் கேஸ்கெட்டும் தப்பித்தன, பிஸ்டன்தான் போயிற்று என்று ஹெட்டைக் கழற்றும் முன்பே தெரிந்துவிட்டது. மூன்றாம் சிலிண்டர் ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளிகள், நடுநடுவே பளபளக்கும் அலுமினியத் துளிகள்.

பிஸ்டன் வெளியே வந்தது. முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடைப்பட்ட மேடு ஒரு நகம் அளவுக்கு உடைந்திருந்தது. உருகவில்லை, உடைந்திருந்தது. இந்த வித்தியாசம் முக்கியம். பெட்ரோல் குறைந்து கலவை வறண்டு நெடுநேரம் எரிந்திருந்தால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழுந்திருக்கும். இது சுத்தியல் அடி. தீப்பொறி பற்றவைத்த நெருப்பு பரவி முடிக்கும் முன்பே மூலையில் மிச்சமிருந்த கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்திருக்கிறது. வார்ப்பு பிஸ்டனின் மெல்லிய ரிங் மேடு அதைத் தாங்காது. கனெக்டிங் ராட் பேரிங்கின் மேல் ஓடுகளிலும் அந்த அடியின் தடம் மங்கலாகத் தெரிந்தது.

சரி, ஏன் அன்று? ஏழு வாரம் எத்தனையோ தடவை அவன் முழு த்ராட்டில் மிதித்திருக்கிறான்.

அன்றிரவு மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் தேநீரை ஆறவிட்டு நான் ஒரு கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்கவேண்டிய கணக்கு அது. 33 டிகிரி காற்றை 0.5 பாருக்கு அமுக்கினால், குறையே இல்லாத ஒரு ப்ளோவரில்கூட 37 டிகிரி போல ஏறும். பழைய ரூட்ஸ் அதில் பாதித் திறமைதான் காட்டும். அப்படியானால் ஏற்றம் இரட்டிப்பு, வெளியே வருவது 108 டிகிரி. ஒன்றரை மணிநேரம் ஊர்ந்த காரில் பானெட்டுக்கு அடியில் காற்று 60 டிகிரி என்று வையுங்கள். ப்ளோவர் விட்டு வருவது 140ஐத் தாண்டும். அந்தக் காற்றை 10க்கு 1 கம்ப்ரெஷனில் நசுக்கி, ரோன்95ஐக் கலந்து, பொறி வைக்கிறோம். இவ்வளவுக்கும் ஈசியூ பார்த்துக்கொண்டிருந்த வெப்பம் ப்ளோவருக்கு முன்னால் இருந்த 60 டிகிரி மட்டும். சென்சார் சரியான இடத்தில் இருந்திருந்தால் ஈசியூ இன்னும் பல டிகிரி இக்னிஷனைப் பின்வாங்கியிருக்கும், கார் சோம்பியிருக்கும், பிஸ்டன் பிழைத்திருக்கும். பத்து நிமிடச் சோம்பலின் விலை.

கணக்கின் மறுபாதி அதைவிட உறைத்தது. 0.5 பார் என்றால் ஒன்றரை மடங்கு காற்று என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். 108 டிகிரியில் காற்று விரிந்து கிடக்கிறது. ஒன்றரையை வெப்பத்துக்குச் சரிக்கட்டினால் 1.2 மடங்குதான் நிற்கும். அதிலும் ப்ளோவரைச் சுழற்றவே பத்துப் பன்னிரண்டு குதிரை செலவு, இக்னிஷனைப் பின்னால் தள்ளியதில் இன்னும் கொஞ்சம். டைனோவில் எட்டே குதிரை ஏறியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. மீட்டர் காட்டிய பூஸ்ட்டில் பெரும்பகுதி வெறும் சூடு.

இரண்டாவது முறை

பிஸ்டன் பேச்சில் இரண்டு நாள் போனது. அண்ணனுக்கு ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டைத் தடிப்பாக்க ஆசை. 0.8 மில்லிமீட்டர் கூடுதலாக வைத்தால் எரியறை 3.6 சிசி பெரிதாகும், விகிதம் 10இலிருந்து 9.3க்கு இறங்கும். தாளில் நல்லதுதான். ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்துக் கலவையை நடுவே பிதுக்கித் தள்ளும் அந்தக் குறுகிய இடைவெளி அகன்றுவிடும், எரிதல் மந்தமாகும், தானாக வெடிக்கும் மூலைக்கு நாமே இடம் விட்டதாகும். இன்னொருவர் வந்து சிஎஃப்இ பிஸ்டனைப் போடச் சொன்னார். போர் 76தான், சரி. ஆனால் அது 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்கு வடித்த பிஸ்டன். பின் துளையின் உயரம், வால்வு குழிகள், ராட் நீளம் எல்லாவற்றையும் அளக்காமல் 88 ஸ்ட்ரோக்கில் வைப்பதற்கு எனக்கு நெஞ்சுரம் இல்லை. வார்ப்பைவிட வலுவான, அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ் பிஸ்டன் செய்துவாங்கத் தம்பியிடம் காசு இல்லை.

கடைசியில் பழைய அளவிலேயே புது பிஸ்டன், புது ரிங், ராட் பேரிங், ஹெட் கேஸ்கெட். விகிதம் 10 அப்படியே. மிச்சப் பணம் முழுவதையும் சூட்டின் மேல் செலவழித்தோம்.

காற்றில் குளிரும் இன்டர்கூலரை முன்னால் வைப்பதா, தண்ணீரில் குளிர்வதை மேலே வைப்பதா என்பதில் நான் தண்ணீர் பக்கம். நெரிசலில் நிற்கும் காரில் காற்று இன்டர்கூலர் வெறும் அடுப்புத் தகடு. தண்ணீர் வகையில் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் சூடாகவே நேரம் எடுக்கும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், முன்னால் உள்ள சின்ன ரேடியேட்டரின் விசிறி நின்ற இடத்திலும் வேலை செய்யும். அதிலும் பலவீனம் உண்டு. செப்பாங் பந்தயத் தடத்தில் சுற்றுச் சுற்றாக விடாமல் ஓட்டினால் தண்ணீரும் சூடாகிவிடும், பிறகு ஆறவும் மாட்டேன் என்னும். தம்பியின் பயணம் செந்தூல், கோம்பாக், எப்போதாவது காராக். அதற்கு இதுதான்.

பானெட்டுக்கு அடியில் இடமில்லை என்றோமே, இருந்தது. பேட்டரியைப் பின்னால் கொண்டுபோனதும் கிடைத்துவிட்டது. ஏர் ஃபில்டரை இயந்திரச் சூட்டிலிருந்து தகடு போட்டு மறைத்து, முன் பம்பரிலிருந்து குழாய் விட்டோம். வெப்ப சென்சார் இந்தத் தடவை இன்டர்கூலருக்குப் பின்னால், இன்டேக் போர்ட்டுக்கு அருகே. 50 டிகிரிக்கு மேல் போகப் போக இக்னிஷன் தானாகப் பின்வாங்கும்படி கணினிக்கு அட்டவணை எழுதினேன். 75ஐத் தாண்டினால் ப்ளோவர் கிளட்ச்சே விட்டுவிடும், பைபாஸ் திறந்துகொள்ளும், கார் பழைய 110 குதிரைக் காராக வீடு போய்ச் சேரும். இயந்திரத்தின் உடம்பில், கலவை தானாக வெடிக்கும் சத்தத்தைப் பிடிக்கும் நாக் சென்சாரை போல்ட் போட்டு ஹெட்போனில் கேட்டுக்கொண்டே டைனோவில் ஓட்டினேன். காது சொன்ன இடத்திலெல்லாம் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி குறைத்தேன். முதல் தடவை செய்ததுபோல எல்லா இடத்திலும் ஒரே 5 டிகிரி தள்ளவில்லை.

புல்லியைத் தொடவில்லை. அதே 0.9.

வண்டியை வெளியே எடுத்துப்போன தம்பி பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டான். 'மாமா, பூஸ்ட் இறங்கிடுச்சு. 0.33தான் காட்டுது. எங்கயோ லீக் இருக்கு லா.' அண்ணன் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். ஒரு குமிழிகூட இல்லை. நானும் ஒரு நிமிடம் ஆடிப்போனேன் என்பதை மறைக்கவில்லை.

லீக் இல்லை. படியால் அளக்கும் ப்ளோவர் தள்ளுகிற காற்றின் அளவு மாறவில்லை. 108 டிகிரியில் பரந்து நெரிந்துகொண்டிருந்த அதே காற்று இப்போது 52 டிகிரியில் அடங்கி உட்கார்ந்திருக்கிறது, அதனால் அழுத்தம் குறைந்திருக்கிறது. அடர்த்தியைக் கணக்கிட்டால் 1.25 மடங்கு, முன்பைவிடச் சற்றுக் கூடுதல். எதிர் அழுத்தம் குறைந்ததால் ரோட்டர் இடைவெளியில் பின்னோக்கிக் கசிவதும் குறைந்திருக்கிறது, ப்ளோவரைச் சுழற்றும் செலவும் குறைந்திருக்கிறது. டர்போ வைத்தவர்களுக்கு இது பழக்கமில்லாத காட்சி. அங்கே கழிவுப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வு அழுத்தத்தைத்தான் காவல் காக்கும், குளிரவைத்தால் அதே அழுத்தத்தில் காற்று கூடும். இங்கே காற்றின் அளவுதான் நிலையானது, முள் ஆடுவது சூட்டுக்கேற்ப. தம்பிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. டைனோவில் ஏற்றிக் காட்டினோம். அதே டைனோ, அதே ஆள், கிட்டத்தட்ட அதே வெயில். சக்கரத்தில் 110 குதிரை. முதல் கட்டுமானத்தைவிட 11 அதிகம், குறைந்த பூஸ்ட்டில். 2,800 சுற்றில் பழைய காரில் 104 நியூட்டன் மீட்டர் இருந்த இடத்தில் 136.

இந்த எண்களை வேறு டைனோவின் எண்களோடு ஒப்பிடவேண்டாம். ஒரே உருளையில் முன்னும் பின்னும் ஓட்டியது என்பதில்தான் இவற்றின் மதிப்பு.

பணமும் தாளும்

எல்லாம் சேர்த்துத் தம்பிக்கு 11,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போனது, அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் தவறின் கூலி. ப்ளோவரின் விலை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 'ஆயிரம் வெள்ளிக்கு ப்ளோவர் கிடைக்குது அண்ணே, போட்டுத் தர்றீங்களா' என்று போன் செய்கிறவர்களுக்கு நான் இப்போது இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்கிறேன். பாதிப் பேர் அத்தோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, நாங்கள் தலைகீழாகச் செய்தது. இயந்திரத்தை இப்படி மாற்றுவது சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி சம்பந்தப்பட்ட விஷயம். அதை வேலை தொடங்கும் முன் கேட்கவேண்டும். காப்புறுதிக்காரரிடமும் மாற்றத்தைச் சொல்லவேண்டும், சொல்லாமல் விபத்தானால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கொடுத்ததாகும். பட்டறைகளில் இதைப் பேசினால் 'அதெல்லாம் அப்புறம்' என்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லியிருந்தோம், இன்டர்கூலரைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறது. முடியும்வரை ப்ளோவர் பெல்ட் கழற்றி பட்டறை ஆணியில் தொங்குகிறது, தம்பி பைபாஸைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய பள்ளத்தோடுதான் காராக் ஏறுகிறான்.

டாஷ்போர்டில் பூஸ்ட் மீட்டர் இருந்த வட்டத்தில் இப்போது இன்டேக் வெப்ப மீட்டர் உட்கார்ந்திருக்கிறது. பூஸ்ட் மீட்டரை அவன் விற்கவில்லை. சின்ன புல்லி ஒன்று கடைந்து போட்டால் அது எவ்வளவு காட்டும் என்று போன வாரம்கூட லேத் அங்கிளிடம் போய் விசாரித்திருக்கிறான். அங்கிள் அவனுக்கும் பதில் சொல்லவில்லையாம். பழைய 8 மில்லிமீட்டர் பிராக்கெட்டைக் காலால் சுட்டிக் காட்டினாராம்.